அட்டவணைப்படி அறுபது

ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கப் போயிருப்பாய். கொஞ்சம் பொறு. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. ஆபீஸ் மெயிலில் எழுதினால் நான்கு பேர் படிப்பார்கள். வேறு வழியில்லாமல்தான் காகிதத்தை எடுத்தேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் இருபதாம் தேதி உங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் புது மெஷினை ஓடவிடப் போகிறோம். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு கலங்கலாக வருகிறது என்று அதுவே பார்த்து, எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நான். புத்தகம், உங்கள் ஆபரேட்டர்கள் எழுதிய பதினோரு வருட ரிஜிஸ்டர்.

ரிஜிஸ்டரில் ஒரு கோளாறு இருக்கிறது. போன வருடம் முதல் வெள்ளம் வந்தபோது எடுத்து வைத்த தண்ணீர் இரண்டு கேன் இங்கே லேபில் இருந்தது. போன வாரம் அதைக் கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, உங்கள் ரிஜிஸ்டரில் உள்ளபடியே ஆயிரம் லிட்டருக்கு அறுபது கிராம் கணக்கில் படிகாரம் போட்டுக் கலக்கினேன். தெளியவில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் கஞ்சி மாதிரியே இருந்தது. ஆனால் உங்கள் ரிஜிஸ்டரில் அன்றைக்கு அறுபது போட்டதாகவும் தண்ணீர் தெளிவாக வெளியே போனதாகவும் எழுதியிருக்கிறது. அன்று பிற்பகல் ஷிப்ட் உன்னுடையது.

புதன்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள் என்று எல்லா நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினோமே, அதை எழுதியதும் நான்தான். மற்ற இடங்களிலிருந்து ஏதாவது வருகிறது. உங்கள் நிலையத்திலிருந்து எல்லா வாரமும் ஒரே வரி: "அனைவரும் அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள்."

முதல் வெள்ளத்தில் நீ என்ன செய்கிறாய்? அதை மட்டும் சொல்.

அக்கா

*

ஆகஸ்ட் 9

மதிப்பிற்குரிய தலைமை அலுவலக வேதியியலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் அட்டவணைப்படி செய்கிறேன். கலங்கல் முந்நூறு என்றால் அறுபது. அட்டவணை சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. தாங்கள் இங்கே இருந்தபோது மாட்டியதுதான்.

புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மிகச் சிறப்பாக நடக்கிறது. டீ வருகிறது, பிஸ்கட் வருகிறது. "பயப்படாமல் பேசுங்கள்" என்று தாங்கள் எழுதியதை இன்ஜினியர் எழுந்து நின்று வாசிக்கிறார். பிறகு வருகைக்குக் கையெழுத்து வாங்குகிறார். பிறகு, யார் என்ன பேசினார்கள் என்று தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் வாயைப் பார்க்கிறார். இத்தனை அன்பாகக் கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும்? காலை ஷிப்ட் நெட்டை பிஸ்கட்டை டீயில் நனைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இங்கே ஒரு ஆள் உள்ளதை உள்ளபடி ரிஜிஸ்டரில் எழுதினான். நாற்பத்தைந்துதான் போட்டேன் என்று எழுதினான். அட்டவணை அறுபது என்கிறது, இவன் நாற்பத்தைந்து போட்டிருக்கிறான் என்று லேபிலிருந்து மேலே புகார் போனது. மூன்று வாரம் சஸ்பெண்ட். வரவேண்டிய போர்மேன் பதவி வரவில்லை, இன்றுவரை வரவில்லை. புகார் எழுதிய கையெழுத்தைத்தான் இப்போது கவரின் மேலும் பார்த்தேன்.

அதிலிருந்து அந்த ஆள் ஒழுங்காக இருக்கிறான்.

இப்படிக்கு,
பிற்பகல் ஷிப்ட் ஆபரேட்டர்

*

ஆகஸ்ட் 14

தம்பி,

என்னைக் குத்த வேண்டும் என்றால் குத்திக்கொள். ஆனால் இந்த "அவர்களுக்கு", "தாங்கள்" எல்லாம் வேண்டாம். அப்பா போனபோதுகூட நீ வாசலிலும் நான் கூடத்திலுமாக நின்றோம். வந்தவர்கள் யாரிடம் துக்கம் விசாரிப்பது என்று தெரியாமல் முழித்தார்கள். அந்தக் கேவலம் ஒருமுறை போதும்.

நான் அன்றைக்கு என் வேலையைச் செய்தேன். லேபில் இருக்கிறவள், அட்டவணைக்கும் போட்டதுக்கும் வித்தியாசம் இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். தம்பி என்பதால் விட்டுவிட்டாள் என்று நாளைக்கு ஒருவன் சொன்னால் என்ன செய்வது? இதைப் பலமுறை உன்னிடம் சொல்ல நினைத்தேன். நீ கேட்க நிற்கவில்லை.

அதை விடு. இப்போது இருப்பதைப் பார். மெஷினுக்குக் கண் இல்லை. நான் கொடுத்த எண்தான் அதற்குத் தெரியும். முதல் மழையில் அது அறுபது போடும். என் குடுவையில் தெளியாத தண்ணீர் உங்கள் தொட்டியில் மட்டும் எப்படித் தெளியும்? அப்படியே குழாய்க்குப் போகும். கலங்கலுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் தொடாது, இது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தண்ணீர்தான், பள்ளிக்கூடத்துக்கும் அதுதான். உன் பிள்ளைகள் இரண்டும் குடிப்பதும் அதைத்தான்.

நீ வேறு ஏதோ செய்கிறாய். எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உனக்கு எதையும் சொன்னபடி செய்து பழக்கமில்லை. சொல்லிவிடு. உன் பெயர் என் வாயிலிருந்து வராது.

அக்கா

*

ஆகஸ்ட் 22

அக்கா,

உன் கடிதத்தை உன் தம்பி மனைவி படித்துவிட்டாள். மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள். மழையே வரவில்லை, மெஷினும் வரவில்லை, அதற்குள் என்ன என்று கேட்டேன். "உங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள மழை வந்துடும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

சரி, எழுதுகிறேன். கேட்டுக்கொள்.

முதல் வெள்ளத்தில் வருவது வேறு தண்ணீர். நிறம் பார்த்தாலே தெரியும், செங்கல் பொடி கரைத்த மாதிரி வரும். அதில் படிகாரத்தை அள்ளிப் போட்டால் பிடிக்காது. போடப் போட இன்னும் கெடும். அது மழைத் தண்ணீர் கலந்த தண்ணீர், படிகாரம் பிடிக்கத் தேவையான காரத்தன்மை அதில் கிடையாது. நான் முதலில் சுண்ணாம்புப் பாலை விடுவேன். பத்து நிமிடம் கழித்துத்தான் படிகாரம், அதுவும் நாற்பது, நாற்பத்தைந்து. எவ்வளவு என்று என்னைக் கேட்டால் அந்த நேரத்தில்தான் சொல்ல முடியும். தொட்டிக் கைப்பிடியில் சாய்ந்து நின்று, தண்ணீரில் திரிதிரியாகச் சேருகிறதே, அதன் அளவைப் பார்ப்பேன். நொய்யரிசி அளவு வந்து, மெதுவாகக் கீழே இறங்கினால் சரி. பெரிது பெரிதாக வந்து, பஞ்சு மாதிரி மிதந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னொன்று, தொட்டி அடியில் இருக்கும் பழைய சேற்றை அந்த நாட்களில் முழுவதும் திறந்துவிட மாட்டேன். பழசு இருந்தால்தான் புதுசு அதன் மேல் வந்து ஒட்டும்.

இத்தனையும் செய்துவிட்டு ரிஜிஸ்டரில் "60" என்று எழுதுவேன். சுண்ணாம்புக் கட்டத்தில் ஒரு கோடு. பதினோரு வருடமாக.

வெட்கமாக இல்லையா என்று கேட்பாய். முதல் வருடம் இருந்தது. அப்புறம் கை தானாக எழுதப் பழகிவிட்டது. மற்ற இரண்டு ஷிப்ட்டும் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக ஓட்டுகிறார்கள், நான் மட்டும்தான் திருடன் மாதிரி சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கிறேன் என்று நினைத்தால் சில நாள் சாப்பாடு இறங்காது.

இப்போது உன் கையில் இருக்கிறது. நீ சொன்னால் எனக்கு வேலை போகும். எனக்கு நாற்பத்து நான்கு வயது, வேறு எதுவும் தெரியாது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

ஆனால் நானும் ஒன்று கேட்க வேண்டும். புகார் போன அன்று மாலை ஷிப்ட் நடுவிலேயே லேப் பக்கமாக வந்தேன். உன்னிடம் நியாயம் கேட்கத்தான் வந்தேன். நீ இல்லை. தாங்கியில் ஆறு குடுவையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. சோதனை செய்யவே இல்லை, அட்டவணையை வைத்துத்தான் எழுதினேன் என்று உன் புகாரிலேயே இருந்தது. அப்படியென்றால் சாயங்காலம் எதற்குக் குடுவையை எடுத்தாய்? அதில் என்ன பார்த்தாய்?

பதினோரு வருடமாக நான் உன்னிடம் பேசாததற்குக் காரணம் புகார் இல்லை. அந்தக் குடுவைகள்தான்.

தம்பி

*

ஆகஸ்ட் 30

தம்பி,

ஆமாம். பார்த்தேன்.

மூன்று நாளாக இந்த ஒரு வரியை எழுதிவிட்டு, மேலே எழுத முடியாமல் மூடி வைத்தேன்.

புகார் நாலு மணிக்குப் போய்விட்டது. அதன் பிறகுதான் எனக்கு உறுத்தியது. ஆற்றிலிருந்து வரும் தண்ணீரை எடுத்து வந்து ஆறு குடுவையிலும் ஆறு விதமாகப் போட்டேன். அட்டவணைப்படி அறுபது போட்டது கலங்கிக் கிடந்தது. சுண்ணாம்போடு நாற்பத்தைந்து போட்டதில், குடுவைக்குப் பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. நீ செய்தது சரி என்று ஐந்தரை மணிக்கே எனக்குத் தெரியும்.

லேப் பொறுப்பு கைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெண் பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுத்தது தப்பு என்று சொல்ல நாலு பேர் காத்திருந்தார்கள். நாலு மணிக்கு அனுப்பிய புகாரை ஆறு மணிக்குத் திரும்ப வாங்கினால், தம்பிக்காக வாங்கினாள் என்பார்கள். இல்லையென்றால், அவசரக்குடுக்கை என்பார்கள். இரண்டுக்கும் பயந்தேன். குடுவைகளைக் கொட்டிக் கழுவினேன். உன்னைக் காவு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இதைவிட நாகரிகமாக எழுத வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

உன் பெயரைச் சொல்லாமல் மெஷினை நிறுத்தப் பார்த்தேன். ஆதாரம் கேட்கிறார்கள். இரண்டு கேன் பழைய தண்ணீரை நம்பி ஒரு வருட வேலையை நிறுத்த முடியாதாம். மூன்று ஷிப்ட் ரிஜிஸ்டரும் ஒரே மாதிரி அறுபது என்கிறதே என்கிறார்கள். அதுதான் எனக்கும் இடிக்கிறது. அறுபது போட்டால் தெளியாது. ஆனால் மூன்று ஷிப்ட்டிலும் தெளிந்திருக்கிறது. நீ மட்டும் திருடன் என்று யார் உனக்குச் சொன்னது? அவர்களைக் கேட்டிருக்கிறாயா?

பயப்படாமல் பேசுங்கள் என்று சுற்றறிக்கை எழுதினேன். யார் முதலில் பேசுவது என்று எழுதவில்லை. பேசியவனை அடித்தவள் நான், அதனால் முதலில் நான்தான் பேச வேண்டும். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மேலே உள்ளதுதான், குடுவை, புகார், கழுவியது, எல்லாம். "அன்றைக்கு அந்த ஆபரேட்டர் செய்தது சரி, நான் செய்தது தவறு" என்று முடிகிறது. நீ இப்போது என்ன செய்கிறாய் என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. ரிஜிஸ்டரைப் பற்றியும் இல்லை.

புதன்கிழமை அதைப் படிப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். பேரம் பேசுகிறேன் என்று நினைக்காதே. இதன் நகலை இன்று காலையே என் மேலதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டேன்.

அக்கா

*

செப்டம்பர் 5

அக்கா,

புதன்கிழமை தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். படிக்கவில்லை.

டீ வந்தது. இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். பையில் கை வைத்தேன். எதிரில் இரவு ஷிப்ட் சோடாபுட்டி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருட சர்வீஸ், ஒரு மெமோ வாங்காத மனிதர். இவர் முன்னால் என் கதை எதற்கு என்று தோன்றியது. அதைப் படித்தால் அடுத்த கேள்வி "இப்ப எவ்வளவு போடுறீங்க" என்பதுதான். கையை எடுத்துவிட்டேன். "அனைவரும் அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள்" என்று எழுதியதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

நீ தலையைக் கொடுத்துவிட்டாய், நான் வாயைக்கூடத் திறக்கவில்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

ஆற்றில் மேற்கே மழை என்கிறார்கள். தண்ணீர் இன்னும் நிறம் மாறவில்லை.

தம்பி

*

செப்டம்பர் 9

தம்பி,

என்னை மெஷின் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கோப்பு அறையில் ஒரு நாற்காலி. விசாரணை அதிகாரி உங்கள் நிலையத்துக்கும் வருவார். மெஷின் தேதி மாறவில்லை, இருபதாம் தேதிதான். என் இடத்துக்கு வந்தவர் சின்ன வயது, கெட்டிக்காரர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மேடம், ரிஜிஸ்டர்ல அப்படி இல்லையே" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை.

நீ படிக்காததற்கு நான் கோபப்பட முடியாது. எனக்குப் பதினோரு வருடம் பிடித்தது, உனக்கு ஒரு புதன்கிழமைதான் போயிருக்கிறது. ஆனால் இருபதாம் தேதிக்கு முன்னால் இன்னும் ஒரு புதன்கிழமைதான் பாக்கி.

அக்கா

*

செப்டம்பர் 28

அக்கா,

எழுதத் தாமதமாகிவிட்டது. பத்து நாளாக வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வந்தேன். வரிசையாகச் சொல்கிறேன்.

அந்தப் புதன்கிழமை காலையிலேயே ஆறு செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கிவிட்டது. கூட்டத்தில் இன்ஜினியர் ஆரம்பிக்கும் முன்பே எழுந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். "எங்க அக்கா ஒண்ணு எழுதியிருக்கா, படிக்கிறேன்" என்றேன். குடுவையைக் கழுவியதுவரை படித்துவிட்டேன். "அந்த ஆபரேட்டர் செய்தது சரி" என்ற இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். எத்தனை முறை ஆரம்பித்தும் அந்த வரியை முடிக்க முடியவில்லை. நாற்பத்து நான்கு வயது ஆள், அத்தனை பேர் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறேன். சோடாபுட்டி எழுந்து வந்து தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மீதியைப் படித்தார்.

இன்ஜினியர், "சரி, இது பழைய கதை, இதுல இப்ப நமக்கு என்ன?" என்றார்.

"நான் முதல் வெள்ளத்துல அறுபது போட்டதே இல்ல சார்" என்றேன். "அன்னிக்கும் போடல, போன வருஷமும் போடல. எழுதுறது மட்டும்தான் அறுபது."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். சோடாபுட்டி தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "நானும்தான்" என்றார். ஏதோ இன்றைக்குச் சாப்பாடு கொண்டுவரவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். அவரும் சுண்ணாம்புதான் போடுகிறாராம். என் சஸ்பெண்டைப் பார்த்துவிட்டுத்தான் அவரும் எழுதுவதை நிறுத்தினாராம். நெட்டை பிஸ்கட்டைக் கீழே வைத்தான். "நான் அறுபது போடுவேன் சார், சத்தியமா. ஆனா பம்ப்பைப் பாதியா குறைச்சிடுவேன். தண்ணி மெதுவா போனா தெளியுது. ஓட்டம் முழுசுன்னு எழுதிடுவேன்."

எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பதினோரு வருடமாக வெள்ள நாட்களில் ரெண்டு மணிக்கு ஷிப்ட் ஏறியதும் பம்ப் இழுக்கவில்லை என்று திட்டிக்கொண்டே முழுசாகத் திறந்துவிடுவேன். அவன் தெளிய வைத்த தண்ணீரைக் கலக்கிவிட்டது நான். நான் பத்திரமாக விட்டுப்போன அடிச்சேற்றை, "இவன் சோம்பேறி, தொட்டியைக் கழுவவே மாட்டான்" என்று ராத்திரி ஏறியதும் சோடாபுட்டி மொத்தமாகத் திறந்து விடுவாராம். ஷிப்ட் மாறி முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் ஏன் கெடுகிறது என்று ஒவ்வொருவனும் முந்தினவனைச் சபித்திருக்கிறோம். ஒருவன் கட்டியதை அடுத்தவன் இடித்திருக்கிறோம், மூன்று ரிஜிஸ்டரும் மட்டும் அழகாக ஒத்துப்போயிருக்கிறது.

அரை மணி நேரக் கூட்டம் இரண்டரை மணி நேரம் போனது. தொட்டிக் கைப்பிடியிலேயே போய் நின்று சண்டை போட்டோம். நொய்யளவு என்று நான் சொன்னதை நெட்டை ஒப்புக்கொள்ளவே இல்லை, அவனுக்கு டார்ச் வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு. சோடாபுட்டிக்குக் கண் சரியில்லை அல்லவா, அவர் தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்க்கிறார். வழவழப்பு போய்விட்டால் சுண்ணாம்பு போதும் என்பது அவர் கணக்கு. என் விரலைப் பிடித்துத் தேய்த்துக் காட்டினார். எனக்கு இதுவரை தெரியாது.

இன்ஜினியர் பேனாவை மூடிவிட்டார். "எழுத வேண்டாம்னா எழுதல. உங்க இஷ்டம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நெட்டைதான், "எழுதுங்க சார். எழுதாமத்தான் இவ்வளவும்" என்றான். மூன்று ஷிப்ட் ஆட்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டோம்.

மறுநாள் வெள்ளம் வந்தது. மூன்று ஷிப்ட்டும் ஒரே மாதிரி ஓட்டினோம். முதலில் சுண்ணாம்பு, பிறகு நாற்பத்தைந்து, பம்ப் முக்கால், சேறு பாதி. ரிஜிஸ்டரில் அதையே எழுதினோம். ஷிப்ட் மாறிய முதல் மணியிலும் தண்ணீர் கெடவில்லை. உன் இடத்துக்கு வந்தவர் நேரில் வந்து குடுவை வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரியே மேலே பேசினார். இருபதாம் தேதி மெஷின் ஓடவில்லை. இந்த மழைக்காலம் முழுவதும் நாங்கள் எழுதுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுமாம். அவர் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நெட்டை பின்னாலேயே சுற்றுகிறார்.

பொய்க் கணக்கு எழுதியதற்கு ஒன்பது பேருக்கும் மெமோ வந்திருக்கிறது. வேலை போகாது, ஒரு வருட ஊதிய உயர்வு போகும் என்று இன்ஜினியர் சொல்கிறார். சோடாபுட்டிக்கு இதுதான் முதல் மெமோ. வீட்டில் காட்டப் பயந்து என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.

நேற்று உன் விசாரணை அதிகாரி வந்தார். அன்றைய தண்ணீரைப் பற்றி, சுண்ணாம்பைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். கடைசியில், "உங்க அக்கா தானா முன்வந்து சொல்லியிருக்காங்க. அவங்க மேல உங்களுக்கு இப்ப புகார் எதுவும் இல்லைன்னு எழுதிக்கலாமா?" என்றார். உனக்கு நல்லது செய்யத்தான் அப்படிக் கேட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். வெளியே நெட்டை வேறு தலையாட்டச் சொல்லிச் சைகை காட்டினான்.

"இருக்குன்னு எழுதுங்க" என்றேன். "புகார் அனுப்புனதுக்கு இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் குடுவையைக் கழுவிட்டு, அடுத்த தெருவுல இருந்த என் வீட்டுக்கு அவ வரல. ஆபீஸுக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டுமாவது வந்து சொல்லியிருக்கலாம். நான் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு நான் சொன்னபடியே எழுதிக்கொண்டார். உனக்கு ஒரு நகல் வரும், மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படித்துவிட்டு வீட்டுக்கு வா.

தம்பி